முதல் கோப்ளின் சண்டையைத் திருத்திவிட்டால் பொக்கிஷம்: டி அண்ட் டி ஸ்டார்ட்டர் செட் (2014)

ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் அதன் பாத்திரங்களாகப் பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை (டி அண்ட் டி) ஆடிப் பார்க்க ஆசை. நண்பர்கள் நாலைந்து பேர் தயார். ஆனால் ஒருவருக்கும் முன் அனுபவம் இல்லை. எந்தப் பெட்டியை வாங்குவது? 2014 ஜூலையில் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வெளியிட்ட ஸ்டார்ட்டர் செட்டைத்தான் இன்றைக்கும் முதலில் சொல்வோம். அதற்குப் பிறகு 2019-இல் எசென்ஷியல்ஸ் கிட், 2022-இல் இன்னொரு ஸ்டார்ட்டர் செட் என்று வரிசையாக வந்துவிட்டன. சாமான் கணக்குப் பார்த்தால் எசென்ஷியல்ஸ் கிட் இதைவிடத் தாராளம். ஆனால் இந்தப் பெட்டிக்குள் இருக்கும் ‘லாஸ்ட் மைன் ஆஃப் ஃபான்டெல்வர்’ சாகசம், இதுவரை டிஎம்மாக (டன்ஜன் மாஸ்டர், அதாவது கதையை நடத்துபவர்) உட்காராத ஒருவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போகிற அழகு மற்றவற்றில் இந்த அளவுக்கு அமையவில்லை.

அந்தச் சாகசத்தின் பெரிய குறை அதன் முதல் சண்டை. அச்சில் உள்ளபடியே நடத்தினால் ஆட்டம் தொடங்கி அரை மணி நேரத்தில் பாதிக் குழு தரையில் கிடக்கும். அதை எப்படிச் சரிசெய்வது என்பதற்கே இங்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம். பிளேயராக ஆடப் போகிறவர்கள் பெட்டியைப் பற்றிய பகுதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு கதையின் முடிச்சுகள் எல்லாம் வெளியே வரும்.

பெட்டியில் என்ன இருக்கிறது

32 பக்க விதிப் புத்தகம், 64 பக்க சாகசப் புத்தகம், தயார் நிலையில் ஐந்து கேரக்டர் ஷீட், ஆறு பகடை. வெளியான போது அமெரிக்க விலை 19.99 டாலர். பெட்டியின் உயரத்தைப் பார்த்து உள்ளே நிறைய இருக்கும் என்று நினைக்க வேண்டாம். புத்தகங்களுக்குக் கீழே அட்டை மடிப்பும் காலி இடமும்தான். அந்த இடம் வீண் போகாது: ஆட்டம் பாதியில் நிற்கும்போது ஷீட், பென்சில், பகடை எல்லாவற்றையும் அதிலேயே போட்டு மூடிவிடலாம்.

பகடைகள் டி4, டி6, டி8, டி10, டி12, டி20 என வகைக்கு ஒன்று (எண் என்பது பகடையின் முகங்கள்). ஐந்து பிளேயரும் ஒரு டிஎம்மும் உட்காரும் மேசையில் ஒரே ஒரு டி20 என்பது பெரிய இடைஞ்சல். ‘அட்வான்டேஜ்’ கிடைத்தால் டி20-ஐ இரண்டு முறை உருட்டி பெரியதை எடுக்க வேண்டும். ஒரே பகடையை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரும் உருட்டி முடிப்பதற்குள் சண்டையின் சூடு ஆறிவிடும். ஆளுக்கொரு ஏழு பகடை செட் தனியாக வாங்குவது நல்லது. முடியாவிட்டால் குறைந்தது மூன்று டி20-யும் நான்கு டி6-உம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விதிப் புத்தகம் தெளிவாக, சுருக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. சண்டை, ஓய்வு, மந்திரம், ஆயுத விலை எல்லாம் உண்டு. கேரக்டரைப் புதிதாக உருவாக்கும் முறை மட்டும் இல்லை. அதற்காக வேறு புத்தகம் வாங்கத் தேவையில்லை. அதே 2014-இல் வந்த ‘பேசிக் ரூல்ஸ்’ பிடிஎஃப் இலவசம். அடிப்படை விதிகளின் தொகுப்பான எஸ்ஆர்டி 5.1 ஆவணமும் 2023 ஜனவரியிலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

ஐந்து கேரக்டர் ஷீட்கள்தான் இந்தப் பெட்டியில் சத்தமில்லாமல் நல்ல வேலை செய்பவை. இரண்டு மனித ஃபைட்டர்கள் (ஒருவர் வில்லாளி, இன்னொருவர் பெரிய கோடரிக்காரர்), ஒரு குள்ளர் இனத்துக் கிளெரிக் (பூசாரி), ஒரு எல்ஃப் இன விசார்ட் (மந்திரவாதி), ஒரு ஹாஃப்லிங் இன ரோக் (திருட்டுத் திறமைக்காரர்). பெயர் எழுத இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது. ஐந்தாம் லெவல் வரை என்னென்ன கூடும் என்பதும் ஷீட்டிலேயே இருப்பதால் லெவல் ஏறும்போது புத்தகம் புரட்ட வேண்டியதில்லை. இன்னொரு நல்ல விஷயம், ஷீட்டில் உள்ள சொந்த நோக்கங்கள் கதையோடு முடிச்சுப் போடப்பட்டவை. கிளெரிக், கதையில் காணாமல் போகும் கண்ட்ரனுக்கு உறவுக்காரர். ரோக்குக்கு ஊரை மிரட்டும் ரெட்பிராண்ட் கும்பலோடு பழைய கணக்கு இருக்கிறது. ‘நான் ஏன் இந்த வேலைக்குப் போகணும்?’ என்ற கேள்வியே எழாது. முதல் நாளே இந்த ஷீட்களை ஜெராக்ஸ் எடுத்து, நகலில் எழுதுங்கள். ஹெச்பியை (உயிர்ப் புள்ளிகள்) அழித்து அழித்து எழுதினால் நான்காவது அமர்வில் தாளில் ஓட்டை விழும்.

இல்லாதவை: பிளேயர்களுக்குக் காட்டக்கூடிய வரைபடம், டிஎம் திரை, பொம்மைகள். வரைபடங்கள் எல்லாம் சாகசப் புத்தகத்துக்குள்ளேயே, இரகசியக் கதவு, அறை எண் சகிதம் அச்சாகியிருக்கின்றன. பக்கத்தைத் திருப்பிக் காட்டினால் எல்லாம் அம்பலம். இந்தப் பெட்டியின் உண்மையான கஞ்சத்தனம் இதுதான். ஒரு இஞ்ச் கட்டம் போட்ட சார்ட் பேப்பர் இரண்டு போதும். ஒரு கட்டம் ஐந்து அடி என்று கணக்கு வைத்து, அறை அறையாகப் பென்சிலில் வரைந்து காட்டுங்கள். கோப்ளின்களுக்கு (கதையில் வரும் குட்டி அரக்கர்கள்) புளியங்கொட்டை, கேரக்டர்களுக்கு கேரம் காய். ஒவ்வொரு புளியங்கொட்டையிலும் சுண்ணாம்பால் எண் போட்டுவிட்டால் எந்தக் கோப்ளினுக்கு எத்தனை ஹெச்பி பாக்கி என்பதில் குழப்பம் வராது.

முதல் சண்டை

கதையின் தொடக்கம் எளிமையானது. நெவர்விண்டர் நகரத்தில் கண்ட்ரன் ராக்சீக்கர் என்ற குள்ளர், ஒரு மாட்டு வண்டி நிறையச் சாமானை ஃபான்டலின் என்ற ஊரில் பார்தன் கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்கிறார். கூலி ஆளுக்குப் பத்துப் பொற்காசு. வழியில் இரண்டு குதிரைகள் அம்பு தைத்துச் செத்துக் கிடக்கின்றன. இரண்டு பக்கப் புதரிலுமாக மொத்தம் நான்கு கோப்ளின்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். கோப்ளினின் ஸ்டெல்த் (பதுங்கும் திறன்) +6. பேசிவ் பெர்செப்ஷன் (தானாகக் கவனிக்கும் திறன்) 13 உள்ள கேரக்டரை ஏமாற்ற அது டி20-இல் 7 உருட்டினால் போதும்; பத்துக்கு ஏழு முறை ஏமாற்றிவிடும். ஏமாந்தவர் முதல் சுற்றில் நகரவும் முடியாது, தாக்கவும் முடியாது. விசார்டின் ஏசி (அவர்மேல் அடி பட உருட்டலில் எட்ட வேண்டிய எண்) 12, ஹெச்பி 8. கோப்ளின் அம்புக்கு உருட்டலோடு 4 கூடுவதால் டி20-இல் 8 வந்தாலே படும். மறைவிலிருந்து எய்வதால் அட்வான்டேஜ் வேறு. ஓர் அம்பின் சேதம் சராசரி 5.5. இரண்டு அம்பு பட்டால் விசார்ட் விழுந்தாயிற்று, அவரை ஆடுகிறவர் இன்னும் ஒரு பகடைகூடத் தொடவில்லை. முதன்முதலாக ஆட வந்த ஒருவருக்கு இதைவிட மோசமான அறிமுகம் கிடையாது.

டிஎம் வழிகாட்டிப் புத்தகத்தின் சண்டைக் கணக்கும் இதையே சொல்கிறது. ஒரு கோப்ளினுக்கு 50 எக்ஸ்பி (அனுபவப் புள்ளி), நான்குக்கு 200, மூன்று முதல் ஆறு எதிரிகள் என்றால் இரண்டால் பெருக்க வேண்டும், ஆக 400. முதல் லெவலில் ‘டெட்லி’ (உயிருக்கே ஆபத்து) வரம்பு ஆளுக்கு 100. நான்கு பேர் குழுவுக்கு இது அப்படியே டெட்லி! ஐந்து பேர் இருந்தால் ‘ஹார்ட்’. எனவே எண்ணிக்கையை இப்படி வையுங்கள்: ஐந்து பேருக்கு நான்கு கோப்ளின், நான்கு பேருக்கு மூன்று (300, ஹார்ட்), மூன்று பேருக்கு இரண்டே இரண்டு. இரண்டு எதிரிகளுக்குப் பெருக்கல் 1.5 என்பதால் 150 வரும். மூன்று பேருக்கு அது ‘மீடியம்’.

எண்ணிக்கைக்கு அடுத்தபடியாக மந்திரங்கள். வண்டி கிளம்பும்போதே விசார்ட் பிளேயரிடம் ‘மேஜ் ஆர்மர்’ போடுவாயா என்று கேட்டுவிடுங்கள். எட்டு மணி நேரம் நிற்கும், ஏசி 12-இலிருந்து 15-க்கு ஏறும். சாதாரண உருட்டலில் கோப்ளினின் அம்பு படும் வாய்ப்பு 65 சதவீதத்திலிருந்து 50 ஆகக் குறையும். பிறகு ‘ஸ்லீப்’. 5டி8 (ஐந்து டி8) உருட்டி வரும் தொகைக்குள் அடங்கும் ஹெச்பி உள்ளவர்கள் எல்லாம் தூங்கிவிடுவார்கள். சராசரி 22.5, கோப்ளினுக்கு 7 ஹெச்பி, மூன்று கோப்ளின் ஒரே வீச்சில் காலி. ஆனால் இந்த மந்திரம் 20 அடி ஆரத்துக்குள் இருக்கும் எல்லோரையும் குறைந்த ஹெச்பியிலிருந்து வரிசையாக எடுக்கும். அடிபட்டு 3 ஹெச்பியில் நிற்கும் நண்பன் அதற்குள் இருந்தால் கோப்ளினுக்கு முன்னால் அவன்தான் தூங்குவான். எல்ஃப் மட்டும் தூங்காது. போடுவதற்கு முன் இதை பிளேயருக்குச் சொல்வது டிஎம்மின் கடமை என்றே நினைக்கிறோம். கேரக்டருக்குத் தெரிந்த மந்திரத்தின் குணம் ஆடுபவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கோப்ளினுக்கு ‘நிம்பிள் எஸ்கேப்’ என்று ஒரு திறன் உண்டு: அடித்துவிட்டு, அதே முறையில் விலகவோ ஒளியவோ செய்யலாம். முதல் சண்டையில் வில்லோடு தூரத்தில் நிற்கும் கோப்ளின்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். நெருங்கி வந்து வாள் வீசுபவை அங்கேயே நின்று சண்டை போடட்டும். பிளேயர்கள் அடி, எதிரடி என்ற தாளத்தைப் பிடித்த பிறகு, கோப்ளின்கள் தங்கும் கிராக்மா குகைக்குள் போகும்போது எல்லாக் கோப்ளினும் ஒளிந்து விளையாடலாம்.

எல்லோரும் விழுந்தாலும் ஆட்டம் முடிந்ததாக அர்த்தமில்லை. கோப்ளின்களுக்குக் கொள்ளைதான் நோக்கம், கொலை இல்லை என்பதைப் புத்தகமே சொல்கிறது: மயங்கிக் கிடப்பவர்களை விட்டுவிட்டு, சாமானை எடுத்துக்கொண்டு போய்விடும். விழித்தெழும்போது வண்டி காலி. கேரக்டர்களுக்கு இப்போது குகைக்குப் போக இன்னும் வலுவான காரணம்.

அடுத்து வரும் சிக்கல் சண்டையைப் பற்றியதே அல்ல. சண்டை முடிந்ததும் சிலர் தடத்தைத் தேடாமல் நேரே ஊருக்கு வண்டியை ஓட்டிவிடுவார்கள். செத்த குதிரைகள் கண்ட்ரனுடையவை, அவரோடு முன்னே போன துணைவர் சில்டாருடையவை என்பதைப் புதிய டிஎம்கள் வேகத்தில் சொல்லாமல் விட்டுவிடுவதுதான் காரணம். காலியாகக் கிடக்கும் வரைபட உறையை ஒரு பிளேயரின் கையில் கொடுத்துவிடுங்கள். அதற்குமேல் தள்ளத் தேவையில்லை.

கிராக்மா குகை

முழுச் சாகசத்திலும் இந்தக் குகைதான் மிகச் சிறந்த பகுதி. சின்ன இடம், ஆனால் உள்ளே போக ஒரே வழி என்று எதுவும் கிடையாது. ஓடை வழியாக நேரே போகலாம். ஓநாய்கள் கட்டியிருக்கும் அறையில் உள்ள இயற்கைப் புகைபோக்கி போன்ற பிளவில் ஏறினால் தலைவன் கிளார்க்கின் அறைக்கே போய்விடலாம். மேலே ஒரு பாலம், அதில் ஒரு காவல் கோப்ளின். அது சைகை காட்டினால் உள்ளே இருப்பவை குளத்தின் மடையை உடைத்து ஓடையில் வெள்ளத்தை விடும்.

புது டிஎம் தடுமாறுவது இங்கே: ஓர் அறையில் சண்டை சத்தம் கேட்டால் அடுத்த அறையில் இருப்பவை சும்மா இருக்குமா? எல்லாவற்றையும் ஓடி வரச் சொன்னால் குழு அழிந்துவிடும். புத்தகம் இதற்குப் பதில் தயாராக வைத்திருக்கிறது: ஓடும் தண்ணீரின் இரைச்சல் மற்றச் சத்தங்களை மறைத்துவிடும். குகைக்குள் நுழைந்ததும் அந்த இரைச்சலை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். பிறகு யாரும் ‘அது எப்படிக் கேக்காம இருக்கும்?’ என்று கேட்க மாட்டார்கள்.

பேச்சாலேயே ஒரு கட்டத்தைக் கடக்கலாம் என்று பிளேயர்கள் கற்றுக்கொள்வது யீமிக் என்ற கோப்ளினிடம். பிடித்துவைத்த சில்டாரைத் திட்டின் விளிம்புக்கு இழுத்து வந்து பேரம் பேசுகிறான். மேசையில் இது ஏறக்குறைய இப்படிப் போகும்:

“மேல் திட்டுல ஒரு கோப்ளின், கை கால் கட்டின ஒரு ஆளை விளிம்பு வரைக்கும் இழுத்துட்டு வந்து நிறுத்துறான். ‘ஆயுதத்தைக் கீழ போடுங்க, இல்லேன்னா இவனைத் தள்ளிருவேன்’னு கத்துறான். அந்த ஆளு மூஞ்சியெல்லாம் ரத்தம், ஆனா மூச்சு இருக்கு. என்ன பண்றீங்க?”

“நான் வில்லைக் கீழ வைக்கிறேன். குத்துவாளை மட்டும் கைக்குள்ள மறைச்சுக்கிறேன்.”

“சரி, ஸ்லைட் ஆஃப் ஹேண்ட் உருட்டு. 9 தாண்டணும்.”

“14!”

“அவன் கவனிக்கல. குரலைக் கொஞ்சம் இறக்கிட்டு, ‘கிளார்க் தலையைக் கொண்டு வாங்க, இவனை விட்டுர்றேன்’ங்குறான்.”

இந்த இடத்தில் டிஎம் செய்ய வேண்டியது, வாய்ப்பைச் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வது. பிளேயர்கள் தங்களுக்குள் இரண்டு நிமிடம் பேசட்டும். யீமிக் உண்மையில் நம்பத் தகுந்தவன் அல்ல; தலையைக் கொண்டு வந்தாலும் பணயப் பணம் கேட்பான். அதை முகபாவத்தில் காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

கிளார்க் ஒரு பக்பேர் (கோப்ளினைவிடப் பெரிய அரக்கன்). ஏசி 16, ஹெச்பி 27, முள்கதையால் 2டி8+2. சராசரி 11 என்பதால் ஓர் அடியில் விசார்டோ ரோக்கோ விழுவது சகஜம். அதைவிட ஆபத்தான விதி ஒன்று இருக்கிறது: பூஜ்யத்துக்குக் கீழே போகும் சேதம் முழு ஹெச்பி அளவுக்கு இருந்தால் உடனடி மரணம். 8 ஹெச்பி விசார்டுக்கு ஒரே அடியில் 16 வந்தால் போதும். 2டி8+2-இல் அது 64-க்கு 6 முறை வரும். பக்பேர் எதிர்பாராத நேரத்தில் அடித்தால் இன்னொரு 2டி6 கூடும். அப்போது சராசரியே 18. முதல் லெவலில் அந்தக் கூடுதல் 2டி6-ஐ எடுத்துவிடுங்கள் என்பது எங்கள் உறுதியான பரிந்துரை. அது இல்லாமலே கிளார்க் போதுமான அளவு பயமுறுத்துவான்.

அவன் குகையில் நீலச் சிங்க முத்திரை போட்ட பெட்டிகள் கிடக்கும். அவற்றை ஃபான்டலினில் லயன்ஷீல்ட் கடையில் திருப்பிக் கொடுத்தால் 50 பொற்காசு. இதுபோன்ற சின்னக் கண்ணிகள்தான் குகையையும் ஊரையும் இணைக்கின்றன. புத்தகத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர், கும்பல், டிராகன்

ஃபான்டலினில் ஆட்கள் அதிகம், ஒவ்வொருவரிடமும் ஒரு வேலை. எல்லோரையும் ஒரே மாலையில் அறிமுகப்படுத்தினால் பிளேயர்களுக்குத் தலை சுற்றும். சத்திரக்காரர் டோப்லன், கடைக்காரர் பார்தன், ஊர்த்தலைவர் ஹார்பின், கோவிலில் சிஸ்டர் கரேலே ஆகிய நால்வர் முதல் நாளைக்குப் போதும். ரெட்பிராண்ட் கும்பல் ஊரை மிரட்டுவது எல்லோர் வாயிலும் வர வேண்டும். மற்றச் செய்திகள் அடுத்த அமர்வுக்கு.

அந்தக் கும்பலோடு நடக்கும் தெருச் சண்டையிலும் அதே கணக்குப் பிரச்சினைதான். நான்கு ரௌடிகள், ஒவ்வொருவருக்கும் 16 ஹெச்பி, ஒரு முறைக்கு இரண்டு வெட்டு. எக்ஸ்பி ஆளுக்கு 100. நான்குக்கு 400, இரண்டால் பெருக்கினால் 800. இரண்டாம் லெவலில் நான்கு பேருக்கு டெட்லி வரம்பும் 800. ஒருவரைக் குறையுங்கள், இரண்டு பேர் விழுந்ததும் மூன்றாமவன் ஓடட்டும். அவனைத் துரத்தினால் மறைவிடம் கிடைக்கும், தேடி அலைய வேண்டாம்.

மறைவிடத்தில் உள்ள நோதிக் என்ற ஒற்றைக்கண் பிராணி அருமையான பாத்திரம். பேசத் தயாராக இருக்கும், இரகசியங்கள் தெரியும், பதிலுக்குக் கேட்பது இறைச்சி. அதை வெறும் சண்டையாக்கிக் கடந்துபோனால் இந்தச் சாகசத்தின் ஒரு நல்ல மணி நேரம் போய்விடும்.

தண்டர்ட்ரீ சிதிலத்தில் இருக்கும் வெனம்ஃபாங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இளம் பச்சை டிராகன், ஏசி 18, ஹெச்பி 136. விஷ மூச்சு 12டி6, சராசரி 42. மூன்றாம் லெவல் ஃபைட்டருக்கே 28 ஹெச்பிதான். சேவ் (தப்பிப்பதற்கான உருட்டு) தவறினால் மொத்தக் குழுவும் ஒரே மூச்சில் விழும். பெட்டி மேல் டிராகன் படம் போட்டிருப்பதால் பிளேயர்கள் ‘இதுதான் நாம அடிக்க வேண்டியது’ என்று நேரே கோபுரத்துக்குள் போவார்கள். அங்கே வாழும் ட்ரூயிட் (இயற்கை மந்திரவாதி) ரெய்டாத்தை முதலில் சந்திக்க வையுங்கள், அவர் எச்சரிக்கட்டும். டிராகன் முதலில் மூச்சு விடக் கூடாது, பேச வேண்டும். பச்சை டிராகன்கள் பேச்சில் ஏமாற்றுவதை விரும்புபவை. சண்டை வந்தாலும் பாதி ஹெச்பி போனதும் அது பறந்துவிடும் என்று புத்தகத்தில் இருப்பதை மறக்காதீர்கள். கோப்ளின்களின் தலைமையிடமான கிராக்மா கோட்டை எங்கே என்பதும் ரெய்டாத்துக்குத் தெரியும் என்பதால், கதை திசை தெரியாமல் நிற்கும்போது அவரே நல்ல வழிகாட்டி.

கடைசிப் பகுதியான வேவ் எக்கோ குகை பெரியது, சில அறைகள் வெறும் சண்டை. எரியும் மண்டையோடு ஒன்று ஃபயர்பால் போடும், 8டி6; குழு நெருங்கி நிற்கும் அறை வாசலில் அதை வீசாதீர்கள். முக்கிய வில்லன் கறுப்புச் சிலந்தி, அதாவது நெஸ்னார், முடிவு வரை நேரில் வருவதே இல்லை, வந்தாலும் 27 ஹெச்பிதான், கிளார்க் அளவுதான். மூன்றாம் சுற்றுக்குள் முடிந்துவிடும். அவனிடம் ‘இன்விசிபிலிட்டி’ மந்திரம் இருக்கிறது. மறைந்தபடி, சிலந்திகளை முன்னே விட்டு, பிணைக்கைதியாக உள்ள நுண்ட்ரோ ராக்சீக்கரை வைத்துப் பேரம் பேச வைத்தால் காட்சி நிமிரும். ரெட்பிராண்ட் தலைவனான கண்ணாடிக்கோல்காரன் அறையில் கிடைக்கும், கறுப்புச் சிலந்தி எழுதிய கடிதத்தை ஒரு தாளில் எழுதி நிஜமாகவே பிளேயர்கள் கையில் கொடுத்திருந்தால், இந்தப் பெயர் அவர்களுக்கு முன்பே உறைத்திருக்கும்.

எக்ஸ்பி எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். கிராக்மா குகை முடிந்ததும் இரண்டாம் லெவல், ரெட்பிராண்ட் மறைவிடம் முடிந்ததும் மூன்று, கிராக்மா கோட்டை முடிந்ததும் நான்கு, எல்லாம் முடிந்ததும் ஐந்து. அமர்வுக்கு மூன்று நான்கு மணி நேரம் என்று வைத்தால் பத்து அமர்வு வரை தாராளமாக ஓடும்.

தமிழில் நடத்தும்போது

சாகசப் புத்தகத்தில் கட்டம் போட்ட பத்திகள் ‘உரக்கப் படிக்கவும்’ என்று ஆங்கிலத்தில் இருக்கும். தமிழில் பேசி ஆடும் மேசையில் அதை அப்படியே வாசித்தால் நண்பர்கள் ஃபோனை எடுத்துவிடுவார்கள். வரிக்கு வரி மொழிபெயர்த்துப் படித்தாலும் பாடப் புத்தகம் மாதிரி இருக்கும். ஒவ்வொரு கட்டப் பத்தியிலிருந்தும் மூன்று விஷயங்களை மட்டும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள்: கண்ணில் முதலில் படுவது, காதில் விழுவது அல்லது மூக்கில் ஏறுவது, உடனே எதிர்வினை கேட்பது. ஓநாய் அறைக்கு: ‘மூத்திர நாற்றம், சங்கிலிச் சத்தம், மூணு ஓநாய் ஒரே நேரத்துல திரும்பிப் பார்க்குது.’ போதும். விதிச் சொற்களை மொழிபெயர்க்கப் போகாதீர்கள். அட்டாக் ரோல், சேவ், ஏசி எல்லாம் ஷீட்டில் அப்படியே அச்சாகியிருக்கின்றன, தமிழ்ப் பெயர் வைத்தால் தேட நேரமாகும்.

டிஎம் முன்னால் ஒரு துண்டுத் தாளில் எல்லோருடைய ஏசி, பேசிவ் பெர்செப்ஷன் இரண்டும் இருக்கட்டும். ‘உன் பெர்செப்ஷன் எவ்வளவு?’ என்று கேட்ட கணத்தில் பதுங்கல் அம்பலமாகிவிடும். கோப்ளின்கள் எல்லாவற்றுக்கும் இனிஷியேட்டிவ் (சண்டையில் யார் முதலில் என்ற வரிசை) ஒரே உருட்டு. வரிசையை மறக்காமல் இருக்க, பெயர் எழுதிய மடித்த அட்டைகளை நிற்க வைத்துவிட்டால் யாரும் ‘அடுத்தது யாரு?’ என்று கேட்க மாட்டார்கள்.

வேறு எதை வாங்கலாம்

கேரக்டரைச் சொந்தமாக உருவாக்கியே ஆக வேண்டும் என்கிற குழுவுக்கு எசென்ஷியல்ஸ் கிட் பொருத்தம்: 11 பகடை, டிஎம் திரை, கேரக்டர் உருவாக்கும் விதி எல்லாம் உண்டு. ஒரே ஒரு பிளேயர் இருந்தாலும் துணைப் பாத்திரத்தோடு ஆட விதி இருக்கிறது. ஆனால் அதன் சாகசம் தனித்தனி வேலைகளின் பட்டியல். கதையாகத் தொடுப்பது டிஎம் தலையில். 2022 செட்டின் ஸ்டார்ம்ரெக் தீவுச் சாகசம் 48 பக்கம், மென்மையானது, இரண்டு மூன்று வார இறுதிகளில் முடித்துவிடலாம். நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு அதுவே சரி.

2024-இல் வந்த புதிய விதிகளோடு இந்தப் பழைய சாகசத்தை ஆட விரும்பினால் முடியும். சொல்லப்போனால் முதல் சண்டைக்கு அது நல்லது: புதிய விதியில் ஏமாந்தவர் தன் முறையை இழப்பதில்லை, இனிஷியேட்டிவை இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுக்கிறார், அவ்வளவுதான். பழைய விதியிலேயே ஆடினாலும் இந்த ஒரு மாற்றத்தை எடுத்துக்கொள்ளலாம். பெட்டியின் ஷீட்களை மட்டும் புது விதிக்கு மாற்ற முயல வேண்டாம், எண்கள் ஒத்துவராது.

இதே சாகசம் 2023-இல் ‘ஃபான்டெல்வர் அண்ட் பிலோ’ என்ற கெட்டி அட்டைப் புத்தகத்தில் விரிவாக்கத்தோடு மறுபடி வந்தது. அது தனிப் புத்தகம். விதிப் புத்தகமும் பகடையும் அதோடு வராது. 2014 பெட்டியைப் பழைய சரக்காகவோ இரண்டாம் கையாகவோ வாங்கினால், பணம் கொடுப்பதற்கு முன் கேரக்டர் ஷீட் ஐந்தும் எழுதப்படாமல் இருக்கின்றனவா, சாகசப் புத்தகத்தின் நடுப் பின் பிடித்திருக்கிறதா, கடைசிப் பக்கங்களில் அரக்கர் விவரங்கள் கிழியாமல் இருக்கின்றனவா என்று பாருங்கள். பகடை குறைந்தால் கவலையில்லை, எப்படியும் தனியாக வாங்கத்தான் போகிறீர்கள்.